ஆயாவுக்குத் தெரிந்த 140 வார்த்தைகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நான் டர்பனில் எடுத்த படத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குறிப்பைப் பார்க்காதவர்களுக்காக: படம் 82 நிமிடம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், 2023 ஆடி மாதம் தொடங்கி நவம்பர் வரை, பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் 31 நாள் எடுத்தோம். வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஜோகன்னஸ்பர்க் போகப்போகிற ஒரு பாட்டி, கடைசியாக ஒருமுறை தன் வாசலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார். கதை அவ்வளவுதான். நடித்த 9 பேரில் ஒருவரும் அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதில்லை.

நடிக்கவே தெரியாதவர்களை எங்கே தேடினீர்கள்? தேர்வு ஏதாவது வைத்தீர்களா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு 40 பேர் வந்தார்கள். எல்லோரும் டிவி தொடர்களில் பார்த்ததைச் செய்து காட்டினார்கள். அழுதார்கள், சபதம் போட்டார்கள், கையை ஓங்கினார்கள். ஒருவரையும் நான் எடுக்கவில்லை. அவர்கள் மேல் குறை கிடையாது. "நடித்துக் காட்டுங்கள்" என்று கேட்டால் யாராக இருந்தாலும் தான் பார்த்த நடிப்பைத்தான் காட்டுவார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே பழகியவர்களைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நான் வேலூர்ப் பக்கத்துக்காரி. கணவரின் வேலைக்காக 2014-இல் டர்பன் வந்தேன். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். பேத்தியைக் கூட்டிவரும் ஒரு பாட்டி, வகுப்பு முடியும்வரை பின் வரிசையில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். 72 வயது. டர்பன் ஆயத்த ஆடை ஆலைகளில் 33 வருஷம் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர். ஒரு காலத்தில் அந்த ஆலைகள் இந்தியப் பெண்களின் கைகளை நம்பித்தான் ஓடின. 1990-களில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும் பல ஆலைகள் மூடப்பட்டன. பேசும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார், ஊசியைத்தான் பார்ப்பார். அந்தக் குனிந்த தலையும் குரலும் எனக்குள் தங்கிவிட்டன. எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்போம். அவர் வீட்டிலும் ஆயாதான். அதனால் நானும் ஆயா என்றே கூப்பிட்டேன்.

மகனாக வருபவர் நிஜத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பக்கத்து வீட்டு ஜூலு அம்மாவாக வருபவர் ஒரு செவிலியர். மேளம் அடிக்கிற தாத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தெருக்கூத்து ஆடியவர். கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் விடிய விடியக் கூத்து நடத்தியிருக்கிறார்கள். இங்கே ஆங்கிலத்தில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். தாத்தாவுக்குப் பாட்டெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை எப்படிக் காத்திருப்பது என்பதெல்லாம் உடம்பில் அப்படியே இருக்கிறது. 31 நாளில் ஒருதரம்கூட அவர் குறித்த இடத்தைத் தவறவிடவில்லை. அவரைத் 'தொழில்முறை சாராத நடிகர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் கேமராவை மறந்துவிடுகிறாரா? நான் பார்த்தது இது ஒன்றைத்தான்.

டர்பன் தமிழர்கள் தமிழ் பேசுவதில்லை என்கிறார்கள். பிறகு எப்படித் தமிழ்ப் படம்?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். இங்கே கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். இப்போது ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் பேசுவது ஆங்கிலம். எப்படி இருக்கிறாய் என்பதற்கு 'வாட் கைண்ட்?' என்று கேட்கும் அவர்களுக்கே உரிய ஆங்கிலம். தமிழ் இருப்பது கோயிலில். பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள், பிசகில்லாமல் பாடுகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். படம் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் நல்ல வட ஆற்காட்டுத் தமிழாக இருக்க வேண்டும் என்று வசனம் எழுதினேன். ஆயாவுக்கு அதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கொடுத்து, மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். அவரும் சளைக்காமல் படித்தார். முதல் நாள் படப்பிடிப்பில் "வீட்டை வித்துட்டா அம்மாவ எங்கடா வெச்சு கும்பிடுவே" என்ற வரியை அவர் ராகத்தோடு பாடினார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அவருக்குத் தெரிந்தவரை, எழுதிவைத்த தமிழ் என்றால் பாட வேண்டியது. எட்டு தடவை எடுத்தோம். எட்டு தடவையும் ராகம் வந்தது. ஒன்பதாவது தடவை அவர் கை நடுங்கியது. அன்றைக்கு நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் தேநீர் இடைவேளை. அடுப்பில் பால். ஒளிப்பதிவு உதவியாளர் பெண் அதன் பக்கத்தில் போனைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே இருந்து ஆயாவின் குரல் கேட்டது: "அடியே, பால் பொங்குது பாரு! கண்ண எங்கடி வெச்சிருக்கே!"

நான் ஓடிப்போய், "ஆயா, இப்போ தமிழ் பேசினீங்களே" என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "அது தமிழ் இல்லம்மா. எங்கம்மா அப்படித்தான் பேசுவா."

கோயிலில் பாடுவதுதான் தமிழ் என்றும், அடுப்படியில் தன் அம்மா திட்டியது வேறு ஏதோ என்றும் 72 வருஷம் நினைத்திருக்கிறார். தனக்குத் தமிழே தெரியாது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியும் இருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் சமையலறையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டினேன். அகப்பை, அம்மி, முறம், வெளக்குமாறு என்று வந்தன. உறவு முறையெல்லாம் வந்தது. திட்டு வார்த்தைகள் வந்தபோது கூச்சப்பட்டார், அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொல்வது, பல்லி கத்தினால் சொல்வது, யாராவது தும்மினால் சொல்வது எல்லாம் சேர்த்து 140 வார்த்தை தேறியது. இரண்டு வாரம் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுத் திரைக்கதையை மறுபடி எழுதினேன். ஆயா அந்த 140 வார்த்தைகளைத் தாண்டித் தமிழில் பேசமாட்டார், மற்றதெல்லாம் அவருடைய ஆங்கிலம். எந்த இடத்தில் தமிழ் வரவேண்டும் என்பதையும் அவரிடமே விட்டேன். கோபத்திலும், பயத்திலும், குழந்தையைத் தொடும்போதும் அது தானாக வந்தது. 82 நிமிடத்தில் தமிழ் ஒலிப்பது மொத்தம் 18 நிமிடம். அதைத் தமிழ்ப் படம் என்று சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழ் அதில் இருக்கிறது. அந்த வரியை ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பேத்தியைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னார்.

என்ன கேமரா?
– ஒரு மாணவர், மதுரை

வாடகைக்கு எடுத்த ஒரு மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ., 50 மி.மீ. என்று இரண்டு லென்ஸ். பெரிய கேமராவைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் விருந்தாளியைப் போல உட்காருகிறார்கள். கேமராவைவிட ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்படுங்கள். எட்டாம் நாள் எடுத்ததில் பாதி, ஒரே பிரதியாக வைத்திருந்ததால், போய்விட்டது. அன்று தாத்தா மேளத்துக்குத் தோல் சூடேற்றியதை எடுத்திருந்தோம். மறுபடி எடுத்தது அந்த அளவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து மூன்று பிரதி, மூன்றும் வேறு வேறு வீட்டில்.

வெளிச்சம், ஒலி இரண்டிலும் அங்கே என்ன சிக்கல்? நானும் இங்கே குறும்படம் எடுக்கிறேன்.
– ஒரு வாசகர், போர்ட் லூயி

மொரீஷியஸிலும் இந்தச் சூரியன்தான், அதனால் உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். வேலூரில் பழகிய கண்ணோடு நான் வீட்டுத் தெற்கு ஜன்னலை வைத்துக் காட்சி அமைத்திருந்தேன். டர்பனில் குளிர்காலத்து வெயில் வடக்குப் பக்கமாகவே போகிறது. தெற்கு அறையில் நாள் முழுக்க நிழல். ஆடி மாதம் இங்கே குளிர்காலம்: மழை குறைவு, வானம் தெளிவு, ஆனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சமையலறை வடக்குப் பார்த்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முக்கால்வாசிப் படத்தை அங்கேயே எடுத்துவிட்டோம்.

ஒலிக்கு முதல் எதிரி ஹடிடா என்ற பறவை. அன்றில் இனம். விடியலிலும் மாலையிலும் கூட்டமாகப் பறந்துகொண்டே கத்தும். நல்ல வெளிச்சம் கிடைக்கும் அதே நேரம் அதற்கும் வேண்டும். கடைசியில் அந்தச் சத்தத்தைப் படத்திலேயே வைத்துக்கொண்டோம். டர்பனில் வளர்ந்தவர்களுக்கு அது இல்லாவிட்டால் விடிந்த மாதிரியே இருக்காது.

2023-இல் மின்வெட்டு கடுமையாக இருந்தது. லோட் ஷெட்டிங் என்பார்கள். இரண்டு இரண்டு மணி நேரமாக, ஒரே நாளில் பல தடவை போகும். முதலில் திண்டாடினோம். பிறகு கவனித்தால், மின்சாரம் போனதும் ஃப்ரிட்ஜ் நிற்கிறது, பக்கத்து வீட்டு டிவி நிற்கிறது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கால் மணி நேரம் பொறுத்துத்தான் கிளப்புகிறார்கள். அந்தக் கால் மணி நேர அமைதிக்காகவே அட்டவணையைப் பார்த்துக் காட்சிகளை வைத்தோம். ஆயா தாலாட்டு பாடுவது அப்படிப் பதிவானதுதான்.

அனுமதி, செலவு பற்றிச் சொல்லுங்கள்.
– ஒரு உதவி இயக்குநர், சென்னை

தெருவில், கடற்கரையில் எடுக்க நகராட்சியின் திரைப்பட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நடித்தால் தொழிலாளர் துறையில் தனி அனுமதி. வெளியே திரையிட வகைப்படுத்தல் சான்று. காகித வேலை உண்டு, ஆனால் செய்ய முடியாதது இல்லை. சுற்றுலா விசாவில் வந்து கேமராவைத் தூக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், முன்கூட்டியே தூதரகத்தில் கேளுங்கள்.

எனக்குக் கடினமாக இருந்தது கோயில் கமிட்டி. கடினம் என்பதைவிட, அவர்கள் கேட்டது நியாயம் என்பதால் நேரம் எடுத்தது. கருவறையை எடுக்கக் கூடாது. சாமி வந்தவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் காட்டக் கூடாது. கூழ் ஊற்றும் 10 நாளும் குழுவில் இருக்கிற எல்லோரும் 'ஃபாஸ்ட்' இருக்க வேண்டும். இங்கே ஃபாஸ்ட் என்றால் பட்டினி இல்லை, கறி மீன் தொடாமல் இருப்பது. ஒலிப்பதிவாளர் ஜூலு இளைஞர், கிறித்தவர். அவரும் 10 நாள் இருந்தார்.

செலவு மொத்தம் 3,60,000 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்). எங்கள் சேமிப்பும் என் அண்ணன் கொடுத்த கடனும். அதில் 2,10,000 கூலிக்கு, 70,000 கருவி வாடகைக்கு, 45,000 சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும். மீதி காப்பீடு, ஒலிக் கலவை, நிறச் சீரமைப்பு.

ரேடியோவில் பழைய தமிழ்ப் பாட்டு ஓடுவது போல ஒரு காட்சிகூட இல்லையே?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

எழுதியிருந்தேன். லோட்டஸ் எஃப்எம் 1983-லிருந்து இங்குள்ள இந்தியர் வீடுகளில் ஒலிக்கிறது, அது இல்லாத சமையலறை பொய்யாகத்தான் தெரியும். ஆனால் பின்னணியில் பத்து வினாடி கேட்டாலும் பாட்டின் உரிமையை வாங்கியாக வேண்டும். இசைக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. எங்களால் முடியவில்லை. ரேடியோ இருக்கிறது, ஆயா அதை அணைத்துவிட்டுத் தானே பாடுகிறார்.

எளிய மனிதர்களை வைத்துப் படம் எடுத்துப் பெயர் வாங்குவது இயக்குநர். அவர்களுக்கு என்ன கிடைத்தது?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

இதைக் கேட்டதற்கு நன்றி. படம் முடியும்வரை என்னைத் தூங்கவிடாத கேள்வி.

முதலில் பணம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 800 ராண்ட், கேமரா பிடித்தவருக்கும் அதே 800, சாயங்காலமே கையில். இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2024 மார்ச்சில் மணிக்கு 27.58 ராண்ட் ஆனது, எட்டு மணி நேரத்துக்கு 220 சொச்சம். அதைத் தாண்டினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுநருக்கு ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் போனால் வீட்டில் ஒரு செலவு நிற்கும். அதை ஈடுகட்ட வேண்டும்.

1948-இல் வந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தின் நாயகன் லாம்பெர்த்தோ மஜ்ஜியோரானி ஒரு ஆலைத் தொழிலாளி. படம் உலகப் புகழ் பெற்றது. ஆலைக்குத் திரும்பிப் போனவரை, சினிமாவில் சம்பாதித்துவிட்டார் என்று நினைத்து வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். இது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் விடுமுறை நாட்களில் மட்டும் எடுத்தேன். யாரும் வேலையை விட நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, எது படத்தில் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை. இரண்டு பக்க ஒப்பந்தம், சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினோம். படத்தொகுப்பு முடியும் முன் ஒவ்வொருவரும் தான் வரும் காட்சிகளைப் பார்ப்பார், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு வரி.

ஓட்டுநர் அந்த வரியைப் பயன்படுத்தினார். ஒரு காட்சியில் பேருந்தை ஓட்டியபடியே, நான் கேட்காமலே, தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை நிறத்தை வைத்துப் பிரித்தது. அந்தச் சட்டத்தால்தான் 1960-களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து ஏராளமான இந்தியக் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன. அவருடைய அப்பாவும் கேட்டோ மேனரில் வீட்டையும் காய்கறித் தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்தவர். வந்த பிறகு அவர் என்ன ஆனார் என்று நான்கு நிமிடம் சொன்னார். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படத்தில் அதைவிட நல்ல நான்கு நிமிடம் கிடையாது.

பார்த்துவிட்டு, "அக்கா, இது வேண்டாம். எங்கம்மா பார்ப்பாங்க" என்றார்.

மூன்று நாள் அவரிடம் பேசிப் பார்க்கலாமா என்று தவித்தேன். படத்தொகுப்பாளர் கெஞ்சவே செய்தார். எடுத்துவிட்டோம். அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் மூன்று பிரதிகளிலிருந்தும் அழித்தோம். இப்போது அந்த இடத்தில் பேருந்து ஒரு வளைவில் திரும்புகிறது, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் குறையாகத் தெரியாது. எனக்குத் தெரியும். செய்தது சரி என்பதும் தெரியும்.

நடித்தவர்கள் படத்தைப் பார்த்தபோது என்ன சொன்னார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

முதல் திரையிடல் கோயில் மண்டபத்தில்தான். நான் வகுப்பெடுக்கும் அதே இடம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு 160 பேர். ஆயா முன் வரிசையில் உட்கார மறுத்துவிட்டார், வழக்கம்போலப் பின் வரிசை. கையில் தையல் இருந்தது, இருட்டில் தைக்க முடியாது என்று தெரிந்தும்.

முதல் அரை மணி நேரம் தங்களைத் திரையில் பார்த்துச் சிரித்தார்கள். நான் பயந்தது அதுதான், ஆனால் அது அடங்கிவிட்டது. பால் பொங்கும் காட்சி வந்தது. திரையில் ஆயா, "அடியே, பால் பொங்குது பாரு!" என்றார். மண்டபத்தில் நடு வரிசையில் ஒரு அம்மா, திரையைப் பார்த்தபடியே, சத்தமாக, "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்றார். அது வசனத்தில் இல்லை. அவருடைய அம்மா சொன்னதாக இருக்கும். இன்னொருவர் வேறு ஒன்று சொன்னார். வலப் பக்கமிருந்து ஒன்று வந்தது. தமிழ் தெரியாது என்று என்னிடம் சொன்னவர்கள்தான் எல்லோரும்.

படம் முடிந்ததும் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு வார்த்தைகளை எடுத்து எடுத்துப் போட்டார்கள். "எங்க ஆயா தயிர்ப் பானையைத் தொங்கவிடுவா, கயித்துல, பூனைக்கு எட்டாம, அதுக்கு என்னமோ சொல்வா" என்று ஒரு அக்கா ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் யோசித்தார்கள். எனக்கும் நாக்கில் வரவில்லை. பின்னால் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிராமலே சொன்னார்: "உறி."

நோட்டை எடுத்து 141 என்று எண் போட்டு எழுதிக்கொண்டேன்.